நோய் தீர்ந்த பிள்ளைக்கு ஒரு கடிதம் தாருங்கள்

கிழக்கு மாகாணத்தில் சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு, மட்டக்களப்பிலிருந்து ஒரு தாய் எழுதுவது.

ஏப்ரல் 2022

"கனடாக்காரனே டெஸ்டை எடுத்துட்டான், இனி இந்தக் கடிதம் ஆருக்கு?"

உங்கள் பணிமனைகளில் ஒன்றில் அண்மையில் எனக்குக் கிடைத்த பதில் இது. கொரோனா வந்து சுகமான சின்னப் பிள்ளைகளுக்குப் பயணத்தில் காட்ட ஒரு கடிதம் தாருங்கள் என்று நான் எழுத்தில் கொடுத்த கோரிக்கையை வாசித்து முடிக்காமலே மேசையில் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்கள். அதற்கு மேல் அங்கே நின்று வாதாடப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பேசாமல் இருக்கவும் முடியவில்லை. ஏனென்றால் அந்தப் பதில் பிழை.

ஏப்ரல் 1 முதல் கனடா, பயணத்துக்கு முந்திய கொரோனாப் பரிசோதனையை நீக்கியது முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்குத்தான். தடுப்பூசி போடாத 5 முதல் 11 வயது வரையான பிள்ளைகள் இன்றைக்கும் பரிசோதனை அறிக்கையோடுதான் விமானம் ஏற வேண்டும். நம் நாட்டில் 12 முதல் 15 வரையான வயதினருக்கு இந்த ஜனவரியில் ஊசி தொடங்கினீர்கள். அதற்குக் கீழே இன்னும் வரவில்லை. ஆகவே இங்கிருந்து கனடாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைகள் எல்லாருமே தடுப்பூசி போடாத பிள்ளைகள்தான். பெற்றோர் வேண்டாம் என்று சொன்னதால் வந்த நிலைமை இல்லை இது. போடுவதற்கு ஊசியே தரப்படவில்லை. அந்தப் பிள்ளைக்கு வழியில் கொரோனாவும் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை என் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

என் தங்கச்சி ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளுக்கு முதற் பிரசவம். அம்மா உயிரோடு இல்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பது தாய்வழிப் பெண்களின் பொறுப்பு என்பது உங்களுக்கும் தெரியும். அம்மா இல்லாவிட்டால் அக்கா போயாக வேண்டும். என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். ஏழு வயது மகளை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆளில்லை, அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே விசா எடுத்தோம். நான் போட்டது சினோபார்ம். அதைக் கனடா ஏற்கத் தொடங்கியது 2021 நவம்பர் 30 இல். அந்தச் செய்தி வந்த பிறகுதான் டிக்கட் போட்டோம். முழுத் தடுப்பூசி போட்ட தாயோ தகப்பனோ கூட வந்தால் 12 வயதுக்குட்பட்ட பிள்ளை ஊசி இல்லாமல் உள்ளே வரலாம். ஆனால் 5 வயது நிறைந்திருந்தால், கனடாவுக்குள் இறங்கும் கடைசி விமானம் புறப்படுவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த பிசிஆர் நெகட்டிவாக இருக்க வேண்டும். அப்போது இருந்த விதி இதுதான்.

ஜனவரி கடைசியில் மகளுக்குக் காய்ச்சல். ஒமிக்ரோன் ஊரெல்லாம் திரிந்த நேரம் அது, வகுப்பில் ஒருவர் விட்டு ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்கள். பணிமனைக்குக் கூட்டிப்போய் அன்டிஜன் என்கிற விரைவுப் பரிசோதனை பார்த்தோம். இரண்டு கோடு விழுந்தது, பொசிட்டிவ். அந்த இடத்திலேயே நின்று கேட்டேன்.

"தம்பி, நாங்க அடுத்த மாசம் பிள்ளையோட கனடா போறம். ஒரு பிசிஆரும் எடுத்துத் தருவீங்களா? காசு கட்ட வேணுமெண்டாலும் கட்டுறன்."

"அக்கா, அன்டிஜன் பொசிட்டிவ் எண்டா பொசிட்டிவ்தான். அதுக்கு மேல பிசிஆர் வீண்."

மருத்துவமாகப் பார்த்தால் அந்தத் தம்பி சொன்னதில் பிழையில்லை. காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு நோய் இன்னதென்று தெரிந்துகொள்ள அன்டிஜன் போதும். நெரிசலான நாளில் பிசிஆர் குச்சியை மிச்சப்படுத்தியதும் நியாயம்தான். ஆனால் நான் கேட்டது நோய்க்காக இல்லையே. எதற்காகக் கேட்டேன் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அதைக் கேட்டு, யாரிடமாவது விசாரித்து, ஒரு முடிவு சொல்ல உங்கள் பக்கத்தில் ஒரு நடைமுறை இல்லை. என் முறைப்பாடு அங்கே தொடங்குகிறது.

அன்றைக்குக் கையில் தந்த துண்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. சீஆர் கொப்பியில் கிழித்த அரைத் தாள். எங்களைத் தெரிந்தவர் என்பதால் மகளுடைய வீட்டுப் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறார். பக்கத்தில் 7 என்று வயது. அதன் கீழே அன்டிஜனைக் குறிக்கிற "ஆர்ஏடி" என்ற சுருக்கத்தை எழுதி ஒரு கூட்டல் அடையாளம். ஒரு திகதி இருக்கிறது. அது மாதிரி எடுத்த நாளா, துண்டு எழுதிய நாளா என்று இல்லை. கையெழுத்து உண்டு, யாருடையது என்று பெயர் இல்லை. றப்பர் முத்திரையில் மை காய்ந்துபோய் பாதி வட்டம்தான் விழுந்திருக்கிறது. கடவுச்சீட்டு இலக்கத்தை யாரும் கேட்கவேயில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியைக்குக் காட்ட இந்தத் துண்டு நன்றாகவே போதுமாயிருந்தது.

காய்ச்சல் ஓரிரு நாளில் விட்டது. தனிமைப்படுத்தல் முடிந்ததும் "பிள்ளை சுகம், ஸ்கூலுக்கு விடுங்க" என்று உங்கள் ஆட்களே போனில் சொன்னார்கள். விட்டேன். அவள் ஓடி விளையாடினாள். பெப்ரவரி நடுவில் பயணம். மட்டக்களப்பில் மாதிரி கொடுத்து அறிக்கை 72 மணித்தியாலத்துக்குள் கைக்கு வருமா என்று பயந்து, இங்கிருந்து போகிற எல்லாரும் செய்கிற மாதிரி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து, கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் பிசிஆர் கொடுத்தோம். எனக்கு நெகட்டிவ். மகளுக்குப் பொசிட்டிவ்.

இது நடக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிசிஆர் தேடுவது வைரஸின் மரபணுத் துணுக்கை. உயிருள்ள வைரஸ் உடம்பில் தீர்ந்துபோன பிறகும் அந்தத் துணுக்கு வாரக் கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரையிலும் கூட, மூக்கில் நிற்கலாம். மீன் ஆக்கிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் வாடை நிற்கிற மாதிரி. சாதாரணமாக நோய் வந்து சுகமான பிள்ளையிடமிருந்து பத்து நாளுக்குப் பிறகு அடுத்தவருக்குத் தொற்றுவது அரிது. இதை அறிந்துதான் பல நாடுகள், அண்மையில் நோய் வந்து தீர்ந்தவருக்கு மறுபடி பரிசோதனை வேண்டாம், நோய் வந்ததற்கான தாளைக் காட்டினால் போதும் என்று விதி எழுதியிருக்கின்றன. கனடாவும் எழுதியிருந்தது: 10 நாளுக்குக் குறையாமல், 180 நாளுக்கு மேற்படாமல், முன்பு எடுத்த ஒரு பொசிட்டிவ் அறிக்கை இருந்தால் அதையே கொண்டுவரலாம். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் பழைய அறிக்கை பிசிஆர் போன்ற மூலக்கூற்றுப் பரிசோதனையாக இருக்க வேண்டும். அன்டிஜன் செல்லாது.

ஜனவரியில் நான் கேட்ட அந்த ஒரு பிசிஆரை எடுத்திருந்தால் பெப்ரவரியில் மகளுக்குப் பரிசோதனையே தேவைப்பட்டிருக்காது. விமான நிலையக் கவுண்டரில் சீஆர் கொப்பித் தாளை நீட்டினேன். அந்தப் பெண்பிள்ளை மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார், இருவரும் தலையை ஆட்டினார்கள். "பிள்ளையை யாரிடமாவது விட்டுட்டு நீங்க போகலாமே" என்று ஆலோசனையும் கிடைத்தது. விட ஆளிருந்தால் கூட்டிக்கொண்டு ஏன் வருகிறேன்?

அதோடும் முடியவில்லை. புதிய அறிக்கை பொசிட்டிவ் என்பதால் மகளைத் தனிமைப்படுத்தும்படி கொழும்பிலிருந்து போன் வந்தது. ஏற்கெனவே நோய் வந்து தீர்ந்தது என்று சொன்னேன். "அதுக்கு ஏதும் லெட்டர் இருக்கா?" என்று கேட்டார்கள். இங்கே உங்கள் கணக்கில் அவள் சுகமான பிள்ளை, அங்கே புதிய தொற்றாளர். அப்படியென்றால் இரவு பஸ்ஸில் அவளை ஊருக்குக் கூட்டி வரலாமா, கூடாதா? யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவரின் மனசையும் யோசித்து, கையில் இருந்த காசில் வான் பிடித்துத்தான் வந்தோம்.

நாங்கள் ஊரில் காத்திருந்த நாட்களில் அங்கே தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. நான் வறுத்து இடித்துக் கட்டி வைத்த சரக்குத்தூள் இங்கே சூட்கேஸுக்குள் இருக்க, அவளுடைய கணவர் யூடியூப்பைப் பார்த்துப் பத்தியக்கறி வைத்துக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர், பரவாயில்லாமல் சமைத்தாராம்.

கடைசியில் எப்படிப் போனோம் தெரியுமா? மகளை விமானம் ஏற விடாத அதே கொழும்புப் பொசிட்டிவ் அறிக்கையோடுதான். மாதிரி எடுத்துப் பத்து நாள் கழிந்ததும் அந்தத் தாள் தானாகவே செல்லுபடியாகிவிட்டது. அதே கவுண்டரில் அதே தாளைக் காட்டினோம், ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றினார்கள். நடுவில் மகளின் உடம்பில் ஒரு மாற்றமும் நடக்கவில்லை. திகதி மாற்றுவதற்குக் கட்டிய காசைப் பற்றி விமானக் கம்பனிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அது உங்கள் விஷயமில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் இப்போது 300 ஐத் தாண்டிவிட்டது. இனி ஒரு குடும்பத்துக்கு இப்படி நடந்தால் டிக்கட்டை மாற்றிப் போட காணியைத்தான் ஈடு வைக்க வேண்டும்.

"ஒரு நாட்டின் விதிக்காக நாங்கள் எல்லாத்தையும் மாற்ற ஏலாது" என்றும் அந்தப் பணிமனையில் சொன்னார்கள். ஒரு நாடு மட்டும் இல்லை. அமெரிக்கா போகிறவர் 90 நாளுக்குள் எடுத்த பொசிட்டிவ் அறிக்கையோடு, பயணம் செய்யலாம் என்று வைத்தியரோ சுகாதார அதிகாரியோ கையெழுத்து வைத்த கடிதத்தையும் காட்டினால் புதிய பரிசோதனை வேண்டியதில்லை. அங்கே அன்டிஜன் பொசிட்டிவும் செல்லும். இரண்டு வயதிலிருந்தே பரிசோதனை கேட்கிற நாடு அது. என் மகளின் அன்டிஜன் முடிவை உங்கள் கடிதத்தலைப்பில் ஒழுங்காக எழுதித் தந்திருந்தால் அமெரிக்காவுக்கு அது போதுமாயிருந்திருக்கும். இங்கிலாந்து பெப்ரவரி 11 இலிருந்து 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் தடுப்பூசி போட்டவர்களாகவே கணக்கெடுத்தது, மார்ச் 18 ஓடு பயண விதிகளையே தூக்கிவிட்டது. சவூதி மார்ச் 5 இல் பிசிஆரை நீக்கியது. உம்றா போகிற காத்தான்குடி, கல்முனைக் குடும்பங்களுக்கு அது ஆறுதல். ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்று சொல்கிறது, கிழமைக்குக் கிழமை மாற்றுகிறது. தளர்த்தியவர்கள் இன்னொரு அலை வந்தால் திரும்ப இறுக்கவும் கூடும். நீங்கள் எல்லா நாட்டு விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்த நாட்டு விதியாயிருந்தாலும் அது கேட்பது இரண்டு சாமானைத்தான்: என்ன பரிசோதனை எப்போது எடுத்தது என்று தெளிவான ஒரு அறிக்கை, பிள்ளை சுகமாகிவிட்டது என்று பொறுப்பான ஒருவரின் கையெழுத்து. இரண்டும் உங்கள் மேசையில் இருக்கிறவை.

தடுப்பூசி போட்டவருக்குக் கியூஆர் குறியீட்டோடு அழகான டிஜிட்டல் சான்றிதழ் தந்தீர்கள். அதைக் காட்டித்தான் நான் பயணம் போனேன். ஊசி கிடைக்காத வயதில் நோயை உடம்பாலேயே கடந்து வந்த பிள்ளைக்குக் கொப்பித் தாளா?

நாட்டு நிலைமை தெரியாமல் எழுதவில்லை. மின்வெட்டு, டீசல் வரிசை, வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. இரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு எங்கள் ஊரில் கைகூப்பாத ஆள் இல்லை. பேப்பர் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த நாட்டில் ஒரு தாள் கேட்பதே பெரிய கேள்விதான். ஆனாலும் கடிதம் எழுத டொலர் தேவையில்லை. பிசிஆர் இயந்திரமும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

நான் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், பிரதான வீதியில் இருக்கிறேன். பணிமனை பக்கத்தில், கேட்டுப் பார்க்கப் போகவாவது முடிந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வருகிறவர் நிலைமை வேறு. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கும் அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கும் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறி ஆற்றைக் கடந்து வந்து, "இண்டைக்கு ஐயா இல்ல, நாளைக்கு வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் அவர்கள். கணவனோ மகனோ வெளிநாட்டில், இங்கே பெண்ணும் சின்னப் பிள்ளையும், கடவுச்சீட்டைப் பிடித்தபடி யாரிடம் கேட்பது என்று தெரியாமல். ஆங்கிலத்தில் விதியைப் படித்து விளங்க எனக்கு முடிந்தது. எல்லாருக்கும் முடியாது. அந்த இடைவெளியில்தான் ஏஜென்சிக்காரர் காசு பிடுங்குகிறார்.

ஆகவே நான் கேட்பவை.

பிள்ளைக்கு அன்டிஜன் பொசிட்டிவ் வந்தால், அடுத்த ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டுப் பயணம் உண்டா என்று அங்கேயே ஒரு கேள்வி கேளுங்கள். உண்டு என்றால், விசாவையோ டிக்கட்டையோ பார்த்துவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ பிசிஆர் மாதிரியும் எடுங்கள். இலவசமாகத்தான் வேண்டும் என்றில்லை, கட்டணம் வையுங்கள். கட்ட முடியாதவருக்குப் பிரதேச செயலகம் மூலம் வழி செய்யுங்கள்.

நோய் தீர்ந்ததும் கடிதத்தலைப்பில், ஆங்கிலத்தில், ஒரு பக்கக் கடிதம் தாருங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், என்ன பரிசோதனை, மாதிரி எடுத்த திகதி, ஆய்வுகூடத்தின் பெயரும் முகவரியும், முடிவு, தனிமைப்படுத்தல் முடிந்த நாள், பயணம் செய்யத் தடையில்லை என்ற ஒரு வரி. கீழே வைத்திய அதிகாரியின் பெயர், பதவி, முழுதாக விழுந்த முத்திரை. ஒரு மாதிரிப் படிவத்தை மாகாணத்தில் இருந்து ஒரு தடவை தயாரித்து எல்லாப் பணிமனைக்கும் அனுப்பினால் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்றுக்கும் அதுவே போதும்.

ஜனவரி முதல் இன்றுவரை அன்டிஜன் பொசிட்டிவ் வந்த சின்னப் பிள்ளைகளின் பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. அவர்களில் கேட்டு வருகிறவருக்கு அந்தப் பதிவை வைத்தே இப்போது கடிதம் கொடுங்கள். கனடாவுக்கு உதவாவிட்டாலும் வேறு நாட்டுக்கு உதவும். இன்னொரு மாவட்டத்துச் சுகாதாரப் பரிசோதகர் போன் எடுத்தால் காட்டவும் உதவும்.

சுகமான பிள்ளைக்கு மறுபடி பிசிஆர் பொசிட்டிவ் வந்தால் அவளைப் புதிய தொற்றாளராகக் கணக்கெடுப்பதா, இல்லையா என்று மாவட்டங்களுக்குள் ஒரே முடிவாக எழுதி அறிவியுங்கள். பஸ்ஸில் ஏறலாமா என்பதும் அதில் இருக்கட்டும்.

ஒவ்வொரு பணிமனையிலும் பயணக் கடிதங்களுக்குப் பொறுப்பாக ஒருவரையும், அவர் லீவில் போனால் பார்க்க இன்னொருவரையும் நியமியுங்கள். அவர்கள் இருக்கும் நாள், நேரம், போன் இலக்கம் மூன்றையும் கிளினிக் நாட்கள் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் தமிழில் ஒட்டுங்கள். துறையடி ஊர்களுக்கு மாதத்தில் ஒரு நாளாவது அவர்களை அனுப்புங்கள்.

நான் கொடுத்த கோரிக்கைக் கடிதத்தை மறுபடியும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சித்திரை விடுமுறை முடிந்து பணிமனைகள் திறக்கிற கிழமையில் அதை முழுதாக வாசித்து, எழுத்தில் பதில் தாருங்கள். முடியும் என்றால் எந்தத் திகதியிலிருந்து என்று எழுதுங்கள். முடியாது என்றால் அது யாருடைய தீர்மானம் என்று பெயரும் பதவியும் போட்டு எழுதுங்கள், மேற்கொண்டு நான் அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.